எரிந்த வீட்டின் மகள்: ஜீன் ரீஸ்

1949 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இலண்டனில் இருந்து வெளிவரும் நியூ ஸ்டேட்ஸ்மன் வார இதழில் சிறிய விளம்பரம் ஒன்று வந்தது. ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளரின் இருப்பிடம் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளுமாறு அதில் கேட்கப்பட்டிருந்தது. விளம்பரத்தைக் கொடுத்தவர் செல்மா வாஸ் டயஸ் என்ற நடிகை. ரீஸின் நாவல் ஒன்றை நாடக வடிவமாக்கியிருந்த அவருக்கு எழுத்தாளரின் அனுமதி தேவைப்பட்டது. ஆனால் அவரைத் தேடிப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. பத்து ஆண்டுகளாக அவரிடமிருந்து ஒரு புத்தகமும் வந்திருக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

அவர் இறந்திருக்கவில்லை. இலண்டனின் புறநகரான பெக்கன்ஹாமில் மூன்றாவது கணவருடன் வறுமையில் இருந்தார். குடியும் அயலவர்களுடனான சண்டையும் அவரைப் பலமுறை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றிருந்தன. அதே ஆண்டில் ஹொலோவே பெண்கள் சிறைச்சாலையின் வைத்தியப் பிரிவில் சில நாட்கள் அடைக்கப்பட்டும் இருந்தார். அந்த விளம்பரம் அவருடைய கண்ணிலேயே பட்டது. தானே பதில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 59. அவரது பெயரை உலகறியச் செய்த நாவல் வெளிவர இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன.

ஜீன் ரீஸின் இயற்பெயர் எல்லா குவென்டொலின் ரீஸ் வில்லியம்ஸ். 1890 ஓகஸ்ட் 24 அன்று டொமினிக்கா தீவின் தலைநகரான ரோசோவில் பிறந்தார். கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில், குவாதலூப், மார்ட்டினிக் என்ற இரு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவே கிடக்கும் மழையும் மலையும் நிறைந்த தீவு டொமினிக்கா. அதன் இருபுறமும் உள்ள அந்த இரு தீவுகளும் எமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. அங்கே 1848 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பதற்காக புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மாரியம்மன் வழிபாடு அத்தீவுகளில் இன்றும் இருக்கிறது. ரீஸின் கதையில் வரும் மண் அப்படிப்பட்டது. அடிமைகளாகவும் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில் யாரோ ஒருவர் செல்வந்தரான மண் அது.

அவருடைய தந்தை வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த வைத்தியர். தாய் லொக்கார்ட் என்ற ஸ்கொட்லாந்து வழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய்வழிப் பூட்டன் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தீவுக்கு வந்து ஜெனீவா என்ற பெருந்தோட்டத்தை உடைமையாக்கியவர். மனிதர்களையும் உடைமையாக வைத்திருந்தவர். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 இல் நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ எட்டு இலட்சம் அடிமைகள் இருந்தனர். அவர்களது உடைமையாளர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னியும் கிடைக்கவில்லை. மாறாக, பயிற்சித் தொழிலாளர் என்ற புதிய பெயரில் 1838 வரை அதே எசமானர்களுக்கு அவர்கள் உழைக்க வேண்டியிருந்தது. 1844 இல் டொமினிக்காவில் குடிசன மதிப்பீடு ஒன்று நடந்தது. மீண்டும் அடிமைகளாக்கவே பெயர் பதிகிறார்கள் என்ற அச்சம் பரவி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜெனீவாத் தோட்டமும் தாக்கப்பட்டது. பட்டியலில் பெயர் பதிவதற்கு ஒரு மக்கள் கூட்டம் ஏன் அஞ்சும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த இரு நினைவுகளும் அந்தச் சிறுமிக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன. தாயின் வீட்டில் சொல்லப்பட்டது, தாக்கப்பட்ட வீட்டின் கதை. அந்த வீடு எதன்மீது கட்டப்பட்டது என்ற கதை, அவரைச் சுற்றியிருந்த கறுப்பின மக்களின் முகங்களில் இருந்தது. தீவில் வெள்ளையர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. கறுப்பினப் பெண்களின் பாட்டும் பேச்சும் மதமும் அவருக்குப் பிடித்திருந்தன. கறுப்பாகப் பிறந்திருக்கக் கூடாதா என்றுகூட ஏங்கியதாகப் பின்னாளில் எழுதினார். அவர்களுக்கோ அவர் எசமானர் வீட்டுப் பிள்ளை. அந்த இடைவெளியை அவரால் எந்நாளும் கடக்க முடியவில்லை.

1907 இல், பதினாறு வயதில், அத்தையுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் பெர்ஸ் பெண்கள் பாடசாலையிலும், பின்னர் இலண்டன் நாடகக் கல்விக்கூடத்திலும் சேர்ந்தார். அவருடைய தீவுப் பேச்சு மேடைக்கு உதவாது என்று கல்விக்கூடம் தந்தைக்கு அறிவித்தது. இரண்டு தவணைகளோடு படிப்பு நின்றது. தீவில் வெள்ளைச்சியாக இருந்தவர், இங்கிலாந்தில் எங்கிருந்தோ வந்தவள் ஆனார். 1910 இல் தந்தை இறந்தார். திரும்பிப் போக மனமில்லாமல், ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவொன்றில் ஆட்டக்காரப் பெண்களில் ஒருவராக இருந்தார். தன்னைவிட வயதில் மிகவும் மூத்த, செல்வந்தரான பங்குத் தரகர் ஒருவருடன் உறவு ஏற்பட்டது. 1912 இல் அவர் விலகிக்கொண்டார். அதன்பின் மாதாமாதம் பணம் மட்டும் வந்தது.

அந்த முறிவுக்குப் பிறகு, வாடகை அறையொன்றில் தனியாக இருந்தபோது, கடையில் சில கொப்பிகளைக் கண்டு வாங்கிவந்தார். நடந்த அனைத்தையும் இரவு பகலாக அவற்றில் எழுதித் தீர்த்தார். பின்னர் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். யாருக்கும் காட்டவில்லை. நாடு மாறி, வீடு மாறி அலைந்த ஆண்டுகளிலெல்லாம் அந்தக் கொப்பிகள் அவரோடு கூடவே போயின.

1919 இல் ழான் லாங்லே என்ற ஊடகவியலாளரைத் திருமணம் செய்துகொண்டு ஐரோப்பாவுக்குச் சென்றார். முதல் குழந்தை, ஓர் ஆண்பிள்ளை, மூன்று வாரங்களில் பரிஸில் இறந்தது. வியன்னா, புடாபெஸ்ட், பிரசெல்ஸ் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தனர். 1922 இல் மகள் பிறந்தாள். அவளை வளர்க்க வசதியில்லாமல் அடிக்கடி பிறரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பின்னர் பண மோசடிக் குற்றச்சாட்டில் கணவர் பரிஸில் சிறையில் அடைக்கப்பட்டார்.

கையில் காசில்லாத அந்த நாட்களில்தான் ஆங்கில எழுத்தாளரும் இதழாசிரியருமான ஃபோர்ட் மடொக்ஸ் ஃபோர்டின் அறிமுகம் கிடைத்தது. 1924 இல் அவருடைய இதழில் ரீஸின் முதல் கதை வெளியானது. ஜீன் ரீஸ் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். ஃபோர்ட் அவரை எழுத்தாளர் ஆக்கினார். தன் வீட்டில் இடமும் கொடுத்தார். தன் துணைவி இருந்த அதே வீட்டில் ரீஸைத் தன் காதலியாகவும் ஆக்கிக்கொண்டார். அந்த உறவு கசந்து முடிந்தது. தஞ்சம் கொடுக்கும் கையே விலையும் கேட்கும் என்பதை அங்கே கற்றுக்கொண்ட ரீஸ், 1928 இல் வெளியான தன் முதல் நாவலில் அதையே எழுதினார். 1931 இல் இரண்டாவது நாவல் வந்தது.

1934 இல் வெளியான மூன்றாவது நாவலான வொயேஜ் இன் த டார்க், பூட்டி வைத்த அந்தக் கொப்பிகளிலிருந்து பிறந்தது. டொமினிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த அன்னா என்ற பெண்ணின் கதை அது. குளிரிலும் தனிமையிலும் கிடக்கும் அன்னாவுக்கு, பழைய தோட்டமொன்றின் அடிமைப் பட்டியலில் தான் பார்த்த பதினெட்டு வயது வேலைக்காரப் பெண் ஒருத்தியின் பெயர் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. விற்கப்பட்ட அந்தப் பெண்ணுக்குள் தன்னைக் காண்கிறாள் அன்னா. கருக்கலைப்பின் பின் அன்னா இறந்துவிடுவதாகவே ரீஸ் கதையை முடித்திருந்தார். பதிப்பாளர் அதை ஏற்கவில்லை. அவள் பிழைத்துக்கொள்வதாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை ரீஸ் மனதார ஒப்புக்கொள்ளவே இல்லை.

1936 இல் இரண்டாவது கணவர் லெஸ்லி டில்டன் ஸ்மித்துடன் டொமினிக்காவுக்குச் சென்றார். பிரிந்து வந்தபின் அவர் தீவை மீண்டும் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஜெனீவா வளவுக்குப் போனபோது வீடு எரிந்து பாழாய்க் கிடந்தது. பிறந்த மண்ணில் தனக்கு இடமில்லை என்ற உணர்வோடு திரும்பினார்.

1939 இல் குட் மோர்னிங், மிட்நைட் வெளியானது. அதே ஆண்டில் உலகப் போர் தொடங்கியது. யாருமற்ற நடுவயதுப் பெண்ணொருத்தி பரிஸ் தெருக்களில் அலையும் அந்தக் கதையை வாசிக்கப் போர்க்கால இங்கிலாந்தில் ஆளில்லை. மகள் தந்தையுடன் நெதர்லாந்தில் இருந்தாள். 1940 இல் ஜேர்மன் படைகள் அந்நாட்டைப் பிடித்தபின் தொடர்பு அறுந்தது. தந்தையும் மகளும் எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவினர், இருவரும் கைதாயினர். மகள் விடுதலையானாள். லாங்லே ஜேர்மன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு மீண்டார். போர்க்காலத்தில் மகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ரீஸ் இங்கிலாந்தில் இருந்தார். அவர் அதிகம் குடித்ததும் நிலைகுலைந்ததும் அந்தக் காலத்தில்தான். 1945 இல் லெஸ்லி மாரடைப்பால் இறந்தார். 1947 இல் ரீஸ் மணந்த மூன்றாவது கணவர் மக்ஸ் ஹேமர் ஒரு சட்டத்தரணி. அவரும் 1950 இல் காசோலை மோசடிக்காகச் சிறை சென்றார்.

இத்தனைக்கும் இடையில் ஒரு பெண் ரீஸின் மனதைவிட்டுப் போகவில்லை. அவள் வேறொருவர் எழுதிய புத்தகத்துக்குள் அடைபட்டிருந்தவள்.

1847 இல் சார்லொட் புரொன்டே எழுதிய ஜேன் ஐயர், ஆங்கில இலக்கியத்தின் பெரும் காதல் நாவல்களில் ஒன்று. ஏழை ஆசிரியையான ஜேன், ரொச்செஸ்டர் என்ற செல்வந்தரை மணக்கப் போகும் நேரத்தில், அவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரியவருகிறது. ஜமேய்க்காவிலிருந்து அழைத்துவரப்பட்ட பேர்தா என்ற அந்த மனைவி பைத்தியம் என்று மேல்மாடி அறையில் பூட்டப்பட்டிருக்கிறாள். அவள் ஊளையிடுகிறாள், கடிக்கிறாள். கடைசியில் வீட்டுக்குத் தீ வைத்து, கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். அதன்பின் ஜேனுக்கு வாழ்வு கிடைக்கிறது. நாவல் முழுவதிலும் பேர்தாவுக்கென்று ஒரு கதை இல்லை. அவள் யார் என்பதைப் பூட்டியவரே சொல்கிறார்.

தீவிலிருந்து வந்த ரீஸுக்கு இது பொறுக்கவில்லை. 1957 இல் குட் மோர்னிங், மிட்நைட் பிபிசி வானொலியில் நாடகமாக ஒலிபரப்பானது. அதன்பின் ஆந்த்ரே டொய்ச் பதிப்பகத்தின் பிரான்சிஸ் விண்டம், டயானா அத்தில் ஆகியோர் ரீஸைத் தேடிவந்தனர். புதிய நாவலுக்காக 25 பவுண் முற்பணம் கொடுத்தனர். ஒரு வருடத்துக்குள் முடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். ஆனால் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1960 இல் டெவன் மாவட்டத்தின் செரிட்டன் ஃபிட்ஸ்பெயின் என்ற கிராமத்தில் சிறு வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தார். நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொண்டு, எழுதியதைத் திரும்பத் திரும்ப அடித்துத் திருத்தினார். ஊரில் சிலர் அவரைச் சூனியக்காரி என்றனர். கையெழுத்துப் பிரதியை வாசித்துத் தைரியம் கொடுத்தவர் அவ்வூர்ப் பாதிரியார். 1964 இல் இலண்டனுக்கு வந்த இடத்தில் ரீஸுக்கு மாரடைப்பு வந்தது. தான் இறந்தாலும் முடிவடையாத பிரதியை வெளியிடக் கூடாது என்று வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி அத்திலிடம் உறுதி வாங்கினார். 1966 மார்ச்சில் மக்ஸ் இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் நாவல் வெளியானது.

அதன் பெயர் வைட் சர்காசோ சீ. கரீபியனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கடற்பாசி மண்டிக் கிடக்கும் கடற்பரப்பின் பெயரை ரீஸ் நாவலுக்கு வைத்தார். பேர்தாவுக்கு ஆன்டுவனெட் என்ற பெயரும் ஓர் இளமைக் காலமும் கிடைத்தன. கதை நடப்பது அடிமை ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்திய ஆண்டுகளில். எசமானர் வீட்டைக் கறுப்பின மக்கள் கொளுத்துகின்றனர். தம்பி இறக்கிறான், தாய் மனம் பேதலிக்கிறாள். ஒரு நாள் இங்கிலாந்திலிருந்து வரும் இளைஞர் ஒருவர் 30,000 பவுண் சீதனத்துக்காக அவளை மணக்கிறார். மனைவியின் சொத்து கணவனுக்கே என்பது அக்கால ஆங்கிலச் சட்டம். சொத்து போனபின் பெயரும் போகிறது. அவள் மறுத்தும் கணவர் அவளைப் பேர்தா என்றே அழைக்கிறார். பிறகு மண்ணும் போகிறது. குளிர் நாட்டின் மாடியறையில், கையில் மெழுகுவர்த்தியுடன் அவள் நிற்பதோடு நாவல் முடிகிறது. ஆங்கில இலக்கியம் பைத்தியம் என்று எழுதிய ஒருத்தி எப்படிப் பைத்தியமாக்கப்பட்டாள் என்பதைப் படிப்படியாகக் காட்டிய கதை அது.

1967 இல் டபிள்யூ. எச். ஸ்மித் இலக்கியப் பரிசு கிடைத்தது. பழைய நாவல்கள் மறுபதிப்பு கண்டன. எல்லாம் மிகவும் பிந்தி வந்ததாகவே 76 வயதான ரீஸ் கருதினார்.

பிறகு வாசிப்புகள் தொடங்கின. ரீஸை இன்றும் வாசிக்க வைப்பது அந்த விவாதம்தான். பெண்ணிய விமர்சகர்களுக்கு மாடியறைப் பெண் ஓர் அடையாளமானாள். ரீஸ் இறந்த 1979 இல், சாண்ட்ரா கில்பர்ட், சூசன் கூபார் ஆகிய இரு அமெரிக்கப் பேராசிரியைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண் எழுத்தாளர்கள் பற்றிய தமது பெரிய ஆய்வுக்கு அவள் பெயரையே சூட்டினர். அவர்கள் பேசியது புரொன்டேயின் பேர்தாவைப் பற்றி. நல்ல பெண்ணாக இருக்கக் கற்ற ஜேன் வெளியே காட்டாமல் அடக்கிய கோபத்தின் மறு உருவமாகப் பேர்தாவை அவர்கள் கண்டனர்.

1985 இல் வங்காளத்தில் பிறந்த சிந்தனையாளர் காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் வேறொரு கேள்வியை வைத்தார். ஜேனின் விடுதலைக்காகக் குடியேற்ற நாட்டுப் பெண்ணொருத்தி தீக்குளிக்க வேண்டியிருக்கிறதே, அதை விடுதலை என்று கொண்டாடுவது எப்படி என்று கேட்டார். ரீஸ் பேர்தாவை மனுஷியாக்கியதை அவர் மதித்தார். அங்கேயே நின்றுவிடவும் இல்லை. ரீஸின் நாவலில் கிறிஸ்தோஃபீன் என்றொரு கறுப்பினப் பெண் வருகிறாள். மார்ட்டினிக்கைச் சேர்ந்தவள். ஆன்டுவனெட்டின் தாய்க்குத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். கணவரை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பவள் அவள் ஒருத்திதான். ஆனால் பேசவேண்டியதைப் பேசிவிட்டுக் கதையைவிட்டே போய்விடுகிறாள். வெள்ளைக் கிரியோல் பெண்ணுக்காக எழுதப்பட்ட கதையில் அவளுக்கு இடம் போதவில்லை என்றார் ஸ்பிவாக். இரண்டு ஆண்டுகளின் பின் பெனிட்டா பரி அதை மறுத்தார். கிறிஸ்தோஃபீன் தன் அறிவோடும் அதிகாரத்தோடும் பேசவே செய்கிறாள், அதைக் கேட்கத் தவறியது விமர்சகர்தான் என்பது பரியின் வாதம்.

கரீபியனிலிருந்து எழுந்த கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. பார்படோஸ் கவிஞரும் வரலாற்றாசிரியருமான கமாவு பிரத்வெயிட் 1974 இலேயே, வெள்ளைக் கிரியோல்களுக்கும் கறுப்பினப் பெரும்பான்மைக்கும் இடையிலுள்ள வரலாற்றுப் பிளவை ஒரு நாவலால் மூடிவிட முடியாது என்று வாதிட்டார். ஆன்டுவனெட்டின் தோழி டியா, வீடு எரியும்போது கல்லெறிகிறாள். அப்படியொரு நட்பு அந்த வரலாற்றில் இருந்திருக்கவே முடியாது என்பது அவர் கருத்து. அடிமைப் பட்டியலில் கண்ட பெயரைத் தன் துயரத்துக்கு உவமையாக்கிக்கொண்ட அன்னாவிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அந்தப் பெண்ணின் துயரம் அவளுக்கே உரியதல்லவா?

ரீஸ் 1979 மே 14 அன்று எக்செட்டரில் காலமானார். அவருடைய சுயசரிதை முடிவுறாமலே அதே ஆண்டில் வெளியானது.

ரீஸின் வாழ்க்கையில் ஒரு குற்றமற்ற பாதிக்கப்பட்டவரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவர் ஆண்களாலும் பணத்தாலும் பேரரசின் மையத்தாலும் நசுக்கப்பட்டவர். மனிதரை விலைக்கு வாங்கிய குடும்பத்தின் வாரிசும் அவரே. இந்த இரண்டில் ஒன்று மற்றதை அழித்துவிடுவதில்லை. அவருடைய சிறப்பு, எரிந்த வீட்டின் கதையை எழுதும்போது கல்லெறிந்தவளையும் வெட்டியெறியாமல் விட்டதுதான். கல்லை எறிந்த டியாவும் அழுகிறாள். அவள் ஏன் எறிந்தாள், ஏன் அழுதாள் என்பதை ரீஸ் எழுதவில்லை. ஒருவேளை அவரால் எழுத முடிந்திருக்காது. ஆனால் டியா அங்கே நின்றுகொண்டிருக்கிறாள்.

வீடு எரிந்த நினைவு எம்மில் பலருக்கும் உண்டு. அந்த நினைவை நாமே எழுதாவிட்டால், எம்மைப் பூட்டியவர்கள் எழுதுவதே வரலாறாகும் என்பதை மாடியறைப் பெண் சொல்கிறாள். எழுதும்போது எமது கதையின் ஓரத்தில் யார் நிற்கிறார், அவருக்குப் பேச இடம் வைத்தோமா என்று டியாவும் கிறிஸ்தோஃபீனும் கேட்கிறார்கள்.